ரப்பர்ப் பாலும் கணிதமும்

ஜொகூரின் பெக்கோக் வட்டாரத் தோட்டங்களில் மங்கு மங்காகப் பால் சேர்த்த நம்மவர்க்கு, ஆசிட் ஊற்றினால் பால் உறையும் என்பது புதிய செய்தியன்று. ஆயின், உறையும் பாலினுள் நிகழ்வது யாது? நம் தோட்டத்து ஏடுகளில் ஏறியது பாலின் எடையேயன்றி அதன் இயக்கமன்று.

1827ஆம் ஆண்டில் ராபர்ட் பிரவுன் என்னும் ஸ்காத்லாந்துத் தாவர நூலறிஞர், நீரில் மகரந்தத்தின் நுண்துகள்கள் ஓயாது துடிப்பதைக் கண்டார். கல்லின் பொடியும் அவ்வாறே துடித்தமையால், அஃது உயிரின் செயலன்று எனத் தெளிந்தார். நீரின் மூலக்கூறுகள் மோதுவதே காரணமெனக் கொண்டு, 1905இல் ஐன்ஸ்டீன் கணக்கு வகுத்தார்: நான்கு மடங்கு நேரம் சென்றால், துகள் பெயரும் சராசரித் தூரம் இரு மடங்காகும்.

1908இல் பிரான்சில் விக்டர் ஹென்றி, ரப்பர்ப் பாலை நுண்ணோக்கியின் கீழ் வைத்துச் சினிமாப் படமாக எடுத்து அளந்தார். அவர் கண்ட பெயர்ச்சி ஐன்ஸ்டீன் சொன்னதினும் மிகுதியாயிருந்தது. ழான் பெரினும் அவர் துணைவரும் வேறு பிசின் துகள்களைக் கொண்டு மீண்டும் அளந்தனர். ஐன்ஸ்டீன் கணக்கே நிலைத்தது. எனினும் ஹென்றி கண்ட மற்றொன்று கருதத்தக்கது: ஆசிட் சேர்த்ததும் துகள்களின் இயக்கம் தளர்ந்தது.

ரப்பர்த் துகள்கள் எதிர்மின்னேற்றம் உடையன. ஆதலின் ஒன்றையொன்று விலக்கும். ஆசிட் அம்மின்னேற்றத்தைத் தணிக்க, அவை ஒட்டித் திரளும். இவ்வாறு நெருங்கிய குழைபொருளில் ஒரு துகள் அயலாரிடையே சிறைப்பட்டு நெடுநேரம் காத்து, வழி கிடைத்தபோதே நகரும். அங்கே ஐன்ஸ்டீனின் எளிய விதி பொருந்தாது போவதுண்டு. பதினாறு மடங்கு நேரம் சென்றும் இரு மடங்கு தூரமே பெயரும் நிலையும் உண்டு.

இதற்குக் கணிதம் வேண்டுமன்றோ? சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சந்திரசேகர், தற்செயல் நடையைப் பற்றி 1943இல் வெளியிட்ட நெடுங்கட்டுரை இத்துறைக்கு அடிப்படையாயிற்று. 1965இல் மாண்ட்ரோலும் வைசும், அடியின் நீளத்தோடு அடிக்கு முன் காத்திருக்கும் நேரத்தையும் கணக்கிற் சேர்த்தனர். 1995இல் மேசனும் வைட்சும், துகளின் துடிப்பைக் கொண்டே குழைபொருளின் இறுக்கத்தை அளக்க வழி கண்டனர்.

தோழர்களே! கணக்கு ஒப்பாதபோது தலைவிதியென்று ஒதுங்குவது நம் பழக்கம். பெரியோர் வாக்கென்று பணிவதும் பழக்கம். அளவு பிழையா, விதி குறையா என ஆராய்வதே அறிவு. ஹென்றியின் அளவு பிழைத்தது. குழைபொருளில் எளிய விதி குறைந்தது. இரண்டையும் காட்டியது மீண்டும் அளத்தலே. பால் சுமந்த தோள்களுக்குரிய பிள்ளைகள், எடை போடுவதோடு நில்லாமல் இக்கணிதத்தையும் கற்பாராக.