தக்கையில் பிறந்த பூச்சி: சன்ஃபிஷ் தூண்டிலின் கதை

தூண்டில் என்றதும் மண்புழுதான் நினைவுக்கு வரும். ஆனால் புழுவே இல்லாமல், முள்ளில் நூலும் இறகும் சுற்றி, அதைப் பூச்சி என்று மீனை நம்பவைத்துப் பிடிக்கும் முறை ஏறத்தாழ 1800 ஆண்டுகளாக இருக்கிறது. இதன் பெயர் ஃப்ளை ஃபிஷிங். முள்ளில் கட்டும் அந்தப் போலிப் பூச்சிதான் 'ஃப்ளை', அதாவது ஈ.

கி.பி. 200 வாக்கில் ஈலியன் என்ற ரோமானியர் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். மாசிடோனியாவில் ஓர் ஆற்றில் புள்ளி போட்ட மீன்கள் நீர்மேல் பறந்த ஒருவகைப் பூச்சியைத் தின்றன. அந்தப் பூச்சியைப் பிடித்தாலோ, கை பட்டதும் நிறம் மங்கிவிடும். பிறகு மீன் அதைச் சீண்டாது. எனவே மீனவர்கள் சிவப்புக் கம்பளி நூலை முள்ளில் சுற்றி, சேவலின் தாடிக்குக் கீழே வளரும் இரண்டு இறகுகளைக் கட்டினார்கள்.

1496-ல் இங்கிலாந்தில் அச்சான ஒரு தூண்டில் நூல் 12 ஈக்களைப் பட்டியலிட்டது. எந்த மாதத்தில் எந்த ஈ என்ற கணக்கும் அதில் உண்டு. டிரவுட் போன்ற மீன்களுக்கான கணக்கு அது. குளிர்ந்த, தெளிந்த ஓடைகளில் வாழும் அந்த மீனைப் பிடிப்பது காலப்போக்கில் வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்காகவும் ஆனது.

அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே சாதாரணக் குளம் குட்டைகளில் கிடைப்பது சன்ஃபிஷ். கடலில் வாழும் ராட்சத சன்ஃபிஷ் அல்ல இது, உள்ளங்கை அளவு மீன். முழுதாக வாணலியில் போட்டுப் பொரிக்கலாம் என்பதால் இவற்றுக்குப் 'பான்ஃபிஷ்' என்றும் பெயர். இவற்றில் புகழ்பெற்றது புளூகில். ஏழை எளியவர்களும் சிறுவர்களும் ஒரு கம்பும் புழுவும் கொண்டு பிடித்த மீன் இது. 1892-ல் மேரி ஆர்விஸ் மார்பரி என்ற பெண்மணி அமெரிக்க ஈக்களை வண்ணப் படங்களோடு பெரிய நூலாகத் தொகுத்தார். அதிலும் டிரவுட், சால்மன், பாஸ் மீன்களுக்கே முதலிடம்.

திருப்பம் 1900-களின் தொடக்கத்தில் வந்தது. டென்னசி மாநிலத்தின் சட்டனூகா நகரைச் சேர்ந்த எர்னஸ்ட் பெக்கின்பா, பாட்டில் அடைக்கும் தக்கையில் முள்ளைப் பொருத்தி மிதக்கும் பூச்சி செய்தார். நம் ஊரில் தூண்டில் மிதக்கத் தக்கை கட்டுவோம். இங்கே தக்கையே இரையாகிவிட்டது! இதிலிருந்து வளர்ந்ததுதான் 'பாப்பர்'. அதன் முகம் தட்டையாகவோ குழிந்தோ இருக்கும். நூலைச் சுண்டினால் தண்ணீரில் 'பளக்' என்று சத்தம் வரும். அது எந்தப் பூச்சியின் நகலும் அல்ல. ஆனாலும் மீன் பாய்ந்தது.

ஏன்? 1974-ல் வெர்னர், ஹால் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் புளூகில்களுக்கு வெவ்வேறு அளவு நீர்த்தெள்ளுகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். இரை குறைவாக இருந்தபோது மீன்கள் கிடைத்ததையெல்லாம் தின்றன. இரை மிகுந்தபோது சிறியதை விட்டுப் பெரியதைத் தேர்ந்தெடுத்தன. மீனுக்கு முக்கியம், ஒரு வாய்க்கு எவ்வளவு கிடைக்கும் என்பதே.

எனவே தேர்வும் எளிது:

* புளூகில்லுக்கு வாய் சிறியது. 8 முதல் 12-ஆம் எண் முள் போதும். எண் கூடினால் முள் சிறுக்கும்.
* கோடை மாலையில், கரையோரம் மிதக்கும் பாப்பர்.
* குளிர்காலத்திலும் நடுப்பகலிலும் மெல்ல மூழ்கும் ஈ.
* கிராப்பி சிறு மீன்களைத் தின்னும். அதற்குக் குஞ்சு மீன் போன்ற வெள்ளை ஈ.
* ரெட்இயர் சன்ஃபிஷ் அடியில் நத்தை தேடும். அதற்கு மிதக்கும் ஈ பெரும்பாலும் வீண்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் புளூகில் ஆழமில்லாத இடத்தில் தட்டு போலக் குழி பறித்து முட்டைகளைக் காக்கும். அருகே எது விழுந்தாலும் பாய்ந்து கடிக்கும். அதனால் அப்போது பிடிப்பது மிகச் சுலபம். ஆனால் காவல் போனால் மற்ற மீன்கள் முட்டைகளைத் தின்றுவிடும். பெரிய ஆண்களையே தொடர்ந்து எடுத்தால், குளத்தில் நாளடைவில் சிறு மீன்களே மிஞ்சும்.

எந்த ஈயைக் கட்டுவது என்பதற்கு 1496-லேயே பட்டியல் வந்துவிட்டது. எந்த மீனைத் திருப்பி விடுவது என்பதைத் தூண்டில் பிடிப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும்.