தராசும் அட்டையும்

கீழப்பாவூர்ச் சம்சாரிக்கு மார்க்கெட் என்றால் பாவூர்சத்திரம்தான். அங்குள்ள காமராஜர் தினசரிச் சந்தையில் கத்தரியும் வெண்டையும் கமிஷன் கடை ஏலத்தில் கைமாறி, செங்கோட்டை வழியே கேரளம் போகின்றன. ஓணம் வந்தால் விலை ஏறும், போனால் விழும். விளைவித்தவன் தலையாட்டலாம், அவ்வளவுதான். முன்பணம் வாங்கியிருந்தால் கடையை மாற்றவும் முடியாது.

தராசைக் கமிஷன்காரர் கையிலிருந்து எடுப்பதாகச் சொல்லித்தான் 1999 நவம்பர் 14இல் மதுரையில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. பஞ்சாபின் அப்னி மண்டி (1987), ஆந்திராவின் ரைத்து பஜார் (1999 ஜனவரி) இரண்டும் முன்னோடிகள். பின்னர் தென்காசிக்கும் வந்தது. கடைக்கு வாடகை இல்லை. மொத்த விலைக்கு மேலே, சில்லறை விலைக்குக் கீழே விலைப்பலகை. வாங்க வந்தவர், ‘எந்த ஊரு காய்? எப்பப் பறிச்சது?’ என்று விளைவித்தவரிடமே கேட்க முடிந்தது. இது சின்ன விஷயமில்லை. 2001இல் ஆட்சி மாறியதும் கவனிப்பாரற்றுக் கிடந்து 2006க்குப் பின் மீண்டது (காய்கறிக்கும் கட்சி உண்டு போலும்).

ஆனால் உள்ளே விற்க அடையாள அட்டை வேண்டும். நிலத்தையும் பயிரையும் அதிகாரிகள் சரிபார்த்துத் தருவது அது. வாய்ப்பேச்சில் வாரத்துக்கு உழுகிறவர் எந்தக் காகிதத்தைக் காட்டுவார்? விடியுமுன் காய் பறித்துக் கூடை நிரப்பும் கூலிப்பெண்ணை ‘உழவர்’ என்கிற அந்தச் சொல் எண்ணவே இல்லை. அட்டை உள்ளவருக்கும் பத்து மூட்டை கத்தரியைக் கூறுகட்டி விற்று மாளாது. மிச்சம் பாவூர்சத்திரம் ஏலத்துக்கே போகிறது.