நான்கு கட்டங்களும் ஒரு தீர்ப்பும்

புள்ளியியல் வகுப்பில் என் மாணவர்களுக்கு நான் முதலில் காட்டுவது நான்கே கட்டங்கள் கொண்ட ஓர் அட்டவணை. மேலே: மரண தண்டனை கிடைத்ததா, இல்லையா. பக்கவாட்டில்: கொலையுண்டவர் வெள்ளையரா, கறுப்பரா. அளவுகோலுக்கு அகப்படாத இத்தகைய பண்புகளின் தொடர்பை எண்ணாகச் சொல்ல 1900இல் பிரிட்டனின் ஜார்ஜ் உட்னி யூல் ஒரு கெழுவை வகுத்தார்.

அந்த அட்டவணையின் பின்னணி இது: அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 1970களில் நடந்த 2,000க்கும் மேற்பட்ட கொலை வழக்குகளைப் பேராசிரியர் டேவிட் பால்டஸ் குழுவினர் ஆராய்ந்தார்கள். கொலையுண்டவர் வெள்ளையரென்றால் 11 சதவீத வழக்குகளில் மரண தண்டனை. கறுப்பரென்றால் 1 சதவீதம். இனம் சாராத 39 காரணிகளைக் கணக்கில் எடுத்த பிறகும், கொலையுண்டவர் வெள்ளையரென்றால் மரண தண்டனை கிடைப்பதற்கான வாய்ப்பு விகிதம் (odds ratio) 4.3ஆக நின்றது.

வெள்ளைக் காவலரைக் கொன்றதாகத் தண்டிக்கப்பட்ட கறுப்பினத்தவர் வாரன் மெக்ளெஸ்கி இந்த ஆய்வை அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் முன்வைத்தார். 1987இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் நீதிபதிகள் அவர் வாதத்தை நிராகரித்தனர். அவருடைய வழக்கில் பாகுபாடு நடந்ததை இந்த ஆய்வு மெய்ப்பிக்கவில்லை என்றார்கள். 1991இல் அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய லூயிஸ் பவல், இப்போதென்றால் தன் வாக்கை மாற்றியிருப்பேன் என்று ஓய்வுக்குப் பின் சொன்னார்.

கணக்கு சரியாகவே இருந்தது. தவறியது நீதிமன்றம் என்பதே என் உறுதியான முடிவு.