டீசலும் கொஞ்சம் காத்தும்

அப்பா லாரி போன மாசம் நடுவழியில நின்னுடுச்சு. டேங்கிலிருந்து பம்புக்குப் போற ஹோஸ்ல விரிசல். சொட்டு டீசல் ஒழுகலை. காத்தைத்தான் உள்ளே இழுத்திருக்கு.

வேடிக்கை என்னன்னா, 1897-ல் ருடால்ஃப் டீசல் ஓட்டிக் காட்டிய எஞ்சினில் எரிபொருளை உள்ளே ஊதியதே அழுத்தப்பட்ட காற்றுதான். அந்தக் கம்ப்ரஸரைச் சுமந்துகொண்டு லாரி ஓடுவது கஷ்டம். 1924-ல் ஜெர்மனியின் எம்.ஏ.என். கம்ப்ரஸர் இல்லாத டீசல் லாரியைக் காட்டியது. 1927-ல் பாஷ் நிறுவனம் டீசல் பம்புகளைத் தொடர்ச்சியாகத் தயாரிக்க ஆரம்பித்தது. அதோடு காத்து எதிரியாயிடுச்சு: பம்ப் அழுத்தினால் காத்து சுருங்கிடும், நாசில் திறக்காது.

புது ஹோஸ் போட்டு, கைப்பம்ப் அடிச்சு, நுரை நிக்கிற வரைக்கும் ஏர் எடுத்ததும் வண்டி கிளம்பிடுச்சு. ஆனா, அந்த லோடு வாடகை போச்சு.

ஹோஸ் மாத்த அப்பா ரெண்டு மாசமா காசு கேட்டாருங்க. "அடுத்த மாசம் பாக்கலாம்ப்பா"ன்னது இஞ்சினியர் படிச்ச நான்தான்.