புதுக்கோட்டை சைக்கிளும் ஒரு ஜாவா நிரலும்

வழி சொல்லும் மென்பொருளுக்கு ஒரு குணம் உண்டுங்க. தன்கிட்ட பதிவு பண்ணின வண்டி மட்டும்தான் அதுக்கு வண்டி. மத்ததெல்லாம் உலகத்துலயே கிடையாது!

குறுக்குவழி கண்டுபிடிக்கிற கணக்கை டைக்ஸ்ட்ரா 1956-லேயே யோசிச்சு, 1959-ல் அச்சிலும் போட்டுட்டார். 2004-ல் ஓபன்ஸ்ட்ரீட்மேப் வந்ததும் யார் வேணும்னாலும் எடுத்தாளக்கூடிய வரைபடம் கிடைத்தது. இரண்டையும் சேர்த்து ஜாவாவில் பீட்டர் காரிச் 2012-ல் ஆரம்பித்த திறமூலத் திட்டம்தான் கிராஃப்ஹாப்பர்.

அதில் கார், சைக்கிள், நடை மூன்றும் தயாராகவே வந்தன. வேற வண்டி வேணுமா? இருக்கிற வகுப்பை நீட்டி நாமே எழுதிக்கலாம். ஆனா எழுதினா மட்டும் போதாது, வரைபடத்தை ஏற்றுவதற்கு முன்னாடியே இயந்திரத்திடம் பதிவு செய்யணும். பதியாத வகுப்பை அது கூப்பிடவே கூப்பிடாது. காரணம், சாலையோட ஒவ்வொரு குணத்துக்கும் எத்தனை பிட் இடம் என்று ஏற்றும்போதே ஒதுக்கிவிடுகிறது. பிறகு புதுசா ஒன்று சேர்த்தால் பழைய கோப்புறையை அழிச்சுட்டு மறுபடி ஏற்றத்தான் வேணும். பின்னாளில் வேகம், முன்னுரிமை போன்ற விதிகளை மட்டும் நிரலைத் தொடாமல் தனியா எழுதித் தரும் வசதி வந்தது.

இந்தப் பதிவு விஷயம் எங்க மாவட்டத்துக்குப் புதுசில்லை. 1991-ல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்து பெண்களுக்கு சைக்கிளும் கத்துக் கொடுத்தது. அப்போ கலெக்டர் ஷீலாராணி சுங்கத். 1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் ஊர்வலம் போனார்கள். ஒரு லட்சத்துக்கும் மேலான கிராமப் பெண்கள் கத்துக்கிட்டதா பத்திரிகையாளர் சாய்நாத் எழுதியிருக்கார். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தப்போ ஜென்ட்ஸ் சைக்கிளையே எடுத்தாங்க. முன்னாடி பாரில் குழந்தையை உட்கார வைக்கலாமே!

யோசிச்சுப் பாருங்க. ஒரு புதுச் சாலைகூடப் போடலை. அதே கம்மாக்கரை, அதே வண்டிப்பாதை. ஆனா தண்ணி எடுக்கப் போகும் நேரம், சந்தைக்குப் போகும் தூரம், பஸ்ஸுக்குக் காத்திருக்கும் கணக்கு எல்லாம் மாறிப்போச்சு. பெண் சைக்கிள் ஓட்டுவாள் என்பதை ஊர் பதிவு செய்தபிறகு, வாழ்க்கையையே மறுபடி ஏற்ற வேண்டியதாச்சு.

இன்னிக்கும் அதே பிரச்சினைதான், இடம்தான் வேற. கார் ஒன்றையே மனசில் வச்சு அமைத்த இயந்திரம், குடத்தோட போறவளையும் தார்ரோட்டைச் சுத்திப் போகச் சொல்லும். கம்மாக்கரைப் பாதை வரைபடத்திலேயே இல்லைன்னா, எவ்வளவு நல்ல வகுப்பு எழுதினாலும் பிரயோஜனமில்லை. நிரல் எழுதத் தெரிஞ்சவங்க வண்டியைப் பதியட்டும். தெரியாதவங்க பாதையைப் பதியலாம், அதுக்கு ஜாவா தெரியவேண்டாம், ஊர் தெரிஞ்சாப் போதும்.