சர்பத்தும் சோடாவும் கலரும்

கொழும்பிலிருந்து விழுப்புரத்திற்கு வந்திருந்த உறவினர் ஒருவர், சித்திரை வெயிலில் களைத்துப் போய், பெட்டிக்கடைக்காரரிடம் "ஒரு சோடா தாருங்கள்" என்று கேட்டார். கடைக்காரர் கோலியை உள்ளே தள்ளிப் புட்டியை நீட்டினார். ஒரு மிடறு குடித்ததும் விருந்தாளியின் முகம் சுருங்கிவிட்டது. அவர் எதிர்பார்த்தது இனிப்புப் பானம். கிடைத்ததோ காற்றடைத்த வெறும் நீர். இலங்கைத் தமிழ் வழக்கில் சோடா என்றால் நிறமும் இனிப்பும் சேர்ந்த பானம். விழுப்புரத்தில் அதன் பெயர் கலர். கேட்டவரும் கொடுத்தவரும் தமிழரே. பிழை எவருடையதும் அன்று. இச்சொற்கள் வந்த வழியை ஆராய வேண்டும் என்ற எண்ணம் நமக்கு அன்றுதான் தோன்றிற்று.

இவற்றுள் மூத்தது சர்பத். 'குடித்தல்' என்னும் பொருளுடைய அரபு வேரிலிருந்து பிறந்த சொல் இது. அதே வேரில் பிறந்த 'ஷராப்' அரபியில் பொதுவாகப் பானத்தைக் குறிக்க, உருதுவில் மதுவைக் குறிக்கலாயிற்று; ஷர்பத்தோ எங்கு சென்றாலும் தன் மானத்தைக் காத்துக்கொண்டது! துருக்கி வழியாக இத்தாலிக்குச் சென்று 'சொர்பெத்தோ' ஆயிற்று. ஆங்கிலேயர் மருந்துக் கடையில் வழங்கும் 'சிரப்பு'ம் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே.

நம் பகுதிக்கு இச்சொல் வர இரண்டு வாயில்கள் இருந்தன. திண்டிவனத்திற்கு மேற்கே உள்ள செஞ்சிக் கோட்டை 1649இல் பீஜப்பூர் சுல்தானியத்தின் வசமாயிற்று. 1698இல் மொகலாயர் வசமாயிற்று. அந்தப் படைகளோடும் அலுவலரோடும் தக்கிணி உருது இங்கே குடியேறியது. மறுபுறம் பரங்கிப்பேட்டை போன்ற துறைமுகங்களில் அரபு வணிகத்தின் தொடர்பு நெடுங்காலமாக இருந்தது. இன்றும் உருது பேசும் இல்லங்களில் 'ஷர்பத்' என்பர். தமிழ் பேசும் இல்லங்களில் 'சர்பத்' என்பர். எந்த வாயிலாக வந்ததாயினும், வந்த சொல்லுக்கு இம்மண்ணின் நன்னாரி வேர் மணம் கொடுத்தது. நோன்பு திறக்கும் வேளையில் நன்னாரியும் எலுமிச்சையும் கலந்த ஒரு குவளை சர்பத் செய்யும் உபகாரத்தை வாசகர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அதற்கும் முன்னரே வெல்லமும் புளியும் சுக்கும் கரைத்த பானகம் இங்கு இருந்தது. திண்டிவனம் என்ற பெயருக்கே புளியங்காடு என்று பொருள் கூறுவர். பானகத்திற்கு இதைவிடப் பொருத்தமான ஊர் ஏது?

சோடா வந்தது ஆங்கிலேயரோடு. 1872இல் ஹைரம் காட் என்ற ஆங்கிலப் பொறியாளர், கழுத்தில் கண்ணாடிக் குண்டு வைத்த புட்டிக்குக் காப்புரிமை பெற்றார். உள்ளிருக்கும் வாயு அக்குண்டை மேலே தள்ளி, ரப்பர் வளையத்தோடு அழுத்தி அடைத்துவிடும். தக்கை வேண்டாம், மூடி வேண்டாம். ஜப்பானியர் இப்புட்டிப் பானத்திற்கு, ஆங்கில 'லெமனேடு' மருவிய 'ராமுனே' என்ற பெயரை வைத்தனர். நம்மவரோ பானத்தை விட்டுவிட்டுக் குண்டைப் பார்த்தனர்; கோலி சோடா என்றனர். பிள்ளைகளின் கண்தான் பெயரிட்டிருக்க வேண்டும். வயிற்று உப்புசத்திற்குச் சோடா, மயங்கியவர் முகத்தில் தெளிக்கச் சோடா, மேடைப் பேச்சாளருக்குச் சோடா, கலகக்காரர் கையில் வீசவும் சோடாப் புட்டி. தடித்த மூக்குக் கண்ணாடிக்கும் சோடாப்புட்டி என்றே பெயர் வந்துவிட்டது.

சோடாவில் சாயமும் சர்க்கரையும் சேர்ந்தபோது பிறந்தது கலர். ஆங்கிலச் சொல்தான், ஆயினும் ஆங்கில நாட்டில் அதற்கு இப்பொருள் இல்லை. சோடாவுக்கு நிறமில்லை, இதற்கு உண்டு, எனவே கலர். இதைவிடத் தெளிவாக எவரும் பெயரிட இயலாது. விழுப்புரம் சந்திப்பில் மீட்டர் கேஜ் வண்டி நின்றவுடன் 'சோடா, கலர்!' என்று எழுந்த குரலைக் கேட்டவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர்.

கலர் தாகத்திற்காகக் குடித்ததன்று, மரியாதைக்காகக் கொடுத்தது. சம்பந்தம் பேச வந்தவர்கள் திண்ணையில் அமர்ந்ததும், வீட்டுப் பெரியவர் ஒரு பையனை அழைத்துக் காதோடு ஏதோ சொல்வார். அவன் ஓடுவான். சற்று நேரத்தில் சிவப்பும் ஆரஞ்சுமாகப் புட்டிகள் வந்து சேரும். விருந்தாளி கடைசிச் சொட்டு வரை குடித்துவிடக் கூடாதே என்று நாம் கதவிடுக்கில் நின்று வேண்டிக்கொண்டதுண்டு. காலிப் புட்டியைக் கடையில் திருப்பித் தரும் பொறுப்பு நம்முடையது, அதில் மிஞ்சியதும் நம்முடையது.

பின்னர் வணிகப் பெயர்கள் பொதுப் பெயரின் இடத்தைப் பிடித்தன. 1916இல் விருதுநகரில் தொடங்கிய காளிமார்க் நிறுவனத்தின் பவண்டோ தமிழ்நாடெங்கும் பேர் பெற்றது. அந்நியச் செலாவணிச் சட்டத்தின் நெருக்கடியால் 1977இல் கோக்கோ கோலா இந்தியாவை விட்டு வெளியேறியது. 1993இல் திரும்பி வந்தது. அமெரிக்காவிலும் இதே கதைதான்: வடகிழக்கில் சோடா, நடுப்பகுதியில் பாப். அந்தப் பானம் 1886இல் பிறந்த அட்லாண்டாவை உள்ளிட்ட தென்பகுதியிலோ, எந்த நிறப் பானமாயினும் 'கோக்' என்றே கேட்போர் பலர். ஆக, பெரிய நிறுவனம் தன் வாசலிலேயே பொதுச் சொல்லை விழுங்கியிருக்கிறது.

2017ஆம் ஆண்டு சல்லிக்கட்டுப் போராட்டத்தை அடுத்து, அந்நியப் பானங்களை மார்ச் முதல் விற்பதில்லை என்று தமிழக வணிகர் அமைப்புகள் அறிவித்தன. பவண்டோவைப் பலரும் தேடிக் குடித்தனர். பானம் திரும்பியது, கலர் என்னும் சொல் திரும்பவில்லை. இளையோர் கடையில் நிறுவனத்தின் பெயரைச் சொல்லிக் கேட்கின்றனர். பொதுவாகச் சொல்வதானால் 'கூல்டிரிங்ஸ்' என்கின்றனர். எழுத்தில் குளிர்பானம். கலர் என்று கேட்பவர் நரைத்தவராகவே இருக்கிறார்.

சர்பத் மட்டும் அசையவில்லை. அது எந்தப் புட்டியையும் நம்பிப் பிழைக்கவில்லை என்பதே காரணமாகலாம். வேரும் எலுமிச்சையும் உள்ளவரை எவரும் தம் வீட்டிலேயே செய்துகொள்ளலாம்.

கோலியும் எதிர்பாராத வழியில் மீண்டிருக்கிறது. 2025இல் நம் கோலி சோடா 'கோலி பாப் சோடா' என்ற புதுப்பெயர் பூண்டு வளைகுடாக் கடைகளுக்கு ஏற்றுமதியாயிற்று. நம் பிள்ளைகள் பலர் பிழைக்கச் சென்றிருக்கும் நாடுகள் அவை. அங்கிருந்து விடுப்பில் வந்த மருமகன் ஒருவர் அப்புட்டியின் படத்தைக் கைப்பேசியில் காட்டினார். பாட்டியார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நெடுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "இது சோடாவா, கலரா?" என்று கேட்டார்.