காற்று கற்பித்த மர வளர்ப்பு

இங்கிலாந்தின் தென்பகுதியில் குளிர்காலம் அத்துணைக் கடுமையானதன்று. அங்கே மரங்களுக்குப் பனியினும் காற்றே பெரும்பகை. காட்டு மரங்களைப் பற்றி 1664ஆம் ஆண்டிலேயே ‘சில்வா’ என்னும் நூலை வெளியிட்டவர் ஜான் ஈவ்லின். 1703ஆம் ஆண்டு நவம்பரில் எழுந்த பெரும்புயல் அவருடைய நிலத்திலேயே 2,000 ஓக் மரங்கள் அளவில் சாய்த்தது. மரம் வளர்க்கும் முறையை உலகுக்கு உரைத்தவரின் தோப்பையும் காற்று விட்டுவைக்கவில்லை!

1987ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் நள்ளிரவு கடந்து மற்றொரு புயல் வந்தது. விடிவதற்குள் ஏறத்தாழ ஒன்றரைக் கோடி மரங்கள் வீழ்ந்தன என்பது மதிப்பீடு. காற்றின் வேகம் மட்டுமன்று காரணம். இலையுதிர் காலம் முடியவில்லையாதலின் மரங்கள் பாய் விரித்த மரக்கலம்போல் காற்றை ஏந்தி நின்றன. முன்னர்ப் பெய்த மழையால் மண் குழைந்திருந்தது, வேர்களுக்குப் பிடிப்பில்லை. 1990ஆம் ஆண்டு ஜனவரி 25இல் மீண்டும் ஒரு புயல் வீசியது. அது பகலில் வந்தமையால் மாண்ட மக்கள் மிகுதி. ஆயின் கிளைகள் வெறுமையாய் இருந்தமையால் வீழ்ந்த மரங்கள் மிகக் குறைவு.

நேயர்களே, 1987ஆம் ஆண்டுப் புயலில் இலண்டனிலுள்ள கியூ தாவரத் தோட்டம் இழந்த மரங்கள் ஏறத்தாழ 700. எனினும், விழுந்தவற்றைவிட விழாத ஒன்றே வரலாற்றில் பெரிது என்பது என் கருத்து. அது 1798இல் நடப்பட்ட ‘டர்னர் ஓக்’. புயலுக்கு முன்பே அது நலிந்திருந்தது. அன்றிரவு காற்று அதனை வேரும் மண்ணுமாகத் தூக்கி, இருந்த இடத்திலேயே மீண்டும் இறக்கி வைத்தது! ஊழியர்கள் முட்டுக் கொடுத்துவிட்டு மற்ற மரங்களை அகற்றச் சென்றனர். இதன் முறை இறுதியில் வரட்டும் என்று விட்டனர். மூன்றாண்டு கழித்து வந்து பார்த்தால், மரம் தழைத்து நின்றது.

ஆராய்ந்தபோது காரணம் புலனாயிற்று. பார்ப்பவர்கள் ஆண்டுக்கணக்காக மிதித்ததால் அடிமண் இறுகி, காற்றும் நீரும் வேரை எட்டாமற் போயிருந்தன. புயல் அந்த இறுக்கத்தை ஒரே இரவில் தளர்த்திவிட்டது. அதுவரை மரம் காப்போர் கண் பெரும்பாலும் மேலே, கிளைகளின்மீதே இருந்தது. பட்ட கிளைகளை நீக்கிக் கவாத்து செய்வதும், அடித்தண்டில் காளான் தோன்றுகிறதா என நோக்குவதும் இன்றும் வேண்டியவையே. ஆயின் கியூவில் அதன்பின், இறுகிய மண்ணுக்குள் கருவியால் அழுத்தக் காற்றைச் செலுத்தித் தளர்த்தும் முறை வந்தது; மரத்தைச் சுற்றிப் புல்லை நீக்கி, மட்கும் மரத்தூளைப் பரப்பி, மக்கள் அடி மண்ணை மிதியாதவாறும் செய்தனர்.